கட்டைவிரல் அளவு சாமானும் அட்டவணை அத்தானும்

"அவசரப்பட்டு எதையும் வாங்கிடாதீங்க, நான் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்கிற ஆள் உங்கள் வீட்டில் உண்டா? உண்டென்றால் முதலில் என் அனுதாபத்தைப் பிடியுங்கள். உங்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்துகொண்டிருப்பது மனித குலத்தில் ஒரு தனி ரகம். இந்த ரகத்துக்குப் 'பார்த்துச் சொல்கிறவர்' என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். இவர் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். சொல்வதுதான் கிடையாது.

இவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் பொருளைப் பார்ப்பார்கள். இவர் பொருளைக் கவிழ்த்து அதன் அடிப்பாகத்தைப் பார்ப்பார். "இது நல்லா போகுதுங்க" என்று கடைக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டால் அந்தப் பொருளின் கதை அன்றோடு முடிந்தது. நல்லா போகிறதென்றால் அது ஏன் இன்னும் போகாமல் இங்கேயே இருக்கிறது என்று கேட்பார். "யாரும் வாங்கறதில்லைங்க" என்று சொன்னாலோ, ஆகா, எவ்வளவு நேர்மையான மனுஷன் என்று மகிழ்ந்து, அதையே அரை மணி நேரம் உருட்டிப் புரட்டி, முகர்ந்துகூடப் பார்த்துவிட்டு, "யோசிச்சுட்டு வர்றேன்" என்று வெளியே வந்துவிடுவார். பொருள் சிறியதாகச் சிறியதாக யோசனை பெரியதாகும் என்பது என் நீண்ட நாள் அனுபவம். கட்டில் வாங்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டவர் நகவெட்டி வாங்க இரண்டு மாதம் எடுத்துக்கொள்வார்.

இதை நான் காற்றில் இருந்து பிடித்துச் சொல்லவில்லை. என் அக்கா வீட்டுக்காரரையே கைவசம் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். மகள் பிறந்தபோது தொட்டில் பார்க்க ஆரம்பித்தவர் அவர். கடைசியில் அவர் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து அழைப்பு மணியை அழுத்தியபோது, நடந்து வந்து கதவைத் திறந்தது அந்த மகள். குடை என்றால் மழைக்காலம் முடிகிற வாரத்தில் வரும். அதற்காக அவரை மோசமானவர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனுஷர், குரலை உயர்த்திப் பேசத் தெரியாது. குழாய் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. காலையில் இருந்து மாலை வரை "இது சரியில்லை, அது சரியில்லை" என்று ஒதுக்கித் தள்ளுவதற்காகச் சம்பளம் வாங்குகிறவர், வீட்டுக்கு வந்தால் மட்டும் திடீரென்று "இது போதும்" என்று சொல்லிவிடுவாரா? எதை வாங்குவதென்றாலும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை போடுவார். அதனால் குடும்பத்தில் அவருக்கு 'அட்டவணை' என்றே பெயர். அவர் முகத்துக்கு நேராக நான் அத்தான் என்று கூப்பிடுகிறேன். முதுகுக்குப் பின்னால் நானும் அட்டவணைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா பழைய கணக்கு டீச்சர். இடையில் வேலையை விட்டுவிட்டு ஒன்பது வருஷம் வீட்டோடு இருந்தாள். இந்த வருஷம், இணையம் வழியாகப் பாடம் நடத்துகிற நிறுவனம் ஒன்றில் அவளைக் கூப்பிட்டார்கள். தினமும் நாலு மணிக்கு ஒரு மணி நேர வகுப்பு. ஆறு வாரம் பார்ப்பார்கள். ஆறாவது வாரத்துக் கடைசியில் மேற்பார்வை அம்மாள் ஒருவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து கவனித்துவிட்டு வேலையை உறுதி செய்வார், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார். அவர்கள் விதி இரண்டே இரண்டு. வகுப்பு நடக்கிற அறையின் கதவு சாத்தியிருக்க வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்துபோகக் கூடாது. இந்த வேலை கிடைத்ததைச் சொல்ல எனக்கு ஃபோன் பண்ணியவள் பாதி வாக்கியத்தில் அழுதுவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் சிக்கல் எங்கே வந்தது? அந்த வீட்டில் வைஃபை பெட்டி இருப்பது கூடத்தில். கம்ப்யூட்டர் இருப்பது உள் அறையில், மேஜைக்கு அடியில் பெரிய டப்பா வைத்த பழைய மாதிரிக் கம்ப்யூட்டர். அதற்கு வைஃபையைத் தானாகப் பிடிக்கத் தெரியாது. பெட்டியில் இருந்து ஒரு நீல நிறக் கேபிள் புறப்பட்டு, கூடத்தைக் குறுக்கே தாண்டி, உள் அறை வாசற்படி வழியாகப் போய்க் கம்ப்யூட்டரில் சேரும். கேபிள் வாசற்படியில் கிடந்தால் கதவு சாத்தாது. சாத்தினால் கேபிள் நசுங்கும். வீட்டில் எல்லோரும் அந்தக் கேபிளைக் காலைத் தூக்கித் தாண்டித்தான் வருஷக்கணக்காக நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு மருந்து ஒரு வைஃபை அடாப்டர். கட்டைவிரல் அளவு சாமான். கம்ப்யூட்டரின் முதுகில் சொருகிவிட்டால் காற்றில் வருகிற வைஃபையை அது பிடித்துக் கொடுக்கும், கேபிள் வேண்டாம், கதவைத் தாராளமாகச் சாத்தலாம். முதல் வகுப்புக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. "நான் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துடட்டுமா?" என்று அக்கா கேட்டாள்.

"அவசரப்பட்டு எதையும் வாங்கிடாதே," என்றார் அத்தான். "நான் பார்த்துச் சொல்றேன்."

அன்று சாயங்காலமே அட்டவணை பிறந்தது. வேகம் எவ்வளவு, ஆன்டெனா எத்தனை, ஆன்டெனா மடங்குமா திரும்புமா, சூடாகுமா, விளக்கு எரியுமா, எரிந்தால் என்ன நிறம், அந்த நிறம் கண்ணை உறுத்துமா என்று பதினான்கு கட்டங்கள். முதல் நாள் ஆறு அடாப்டர்கள் உள்ளே வந்தன. மூன்றாம் நாள் பத்தொன்பது. எட்டு நாளில் ஏதாவது ஒன்று வெளியே போயிருக்க வேண்டுமே? ஒன்றுகூடப் போகவில்லை.

பிறகு விமர்சனம் படிக்க உட்கார்ந்தார். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை நம்பக் கூடாது, அவர்கள் கம்பெனியிடம் வாங்கித் தின்றவர்கள். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களையும் நம்பக் கூடாது, அவர்கள் எதிர்க் கம்பெனியிடம் வாங்கித் தின்றவர்கள். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் நியாயவான்கள் என்று இரண்டு நாள் அவர்களை மட்டுமே படித்தார். மூன்றாம் நாள் அவர்கள் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. "நல்லதுன்னும் சொல்ல மாட்டேங்கறான், கெட்டதுன்னும் சொல்ல மாட்டேங்கறான். ஒரு முடிவெடுக்கத் தெரியாதவன் பேச்சை எப்படி நம்பறது?" என்று என்னிடம் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அந்த முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

எங்கேயோ கண்காணாத தேசத்தில் ஒருவன் நாலு வருஷத்துக்கு முன்னால் அத்தானுடைய அதே கம்ப்யூட்டர், அதே சந்தேகம் என்று இணையத்தில் எழுதிக் கேட்டிருந்தான். கீழே அவனே, "பிரச்சினை தீர்ந்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி" என்று எழுதி முடித்திருந்தான். எப்படித் தீர்ந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த ஆளை அத்தான் மூன்று நாள் சபித்தார். சாப்பிடும்போதுகூட நடுவில் கையை நிறுத்தி, "என்ன ஜென்மமோ!" என்றார். அது அவனைத்தான் என்று எங்களுக்குப் புரிய இரண்டு நாளானது.

படிப்பு முடிந்ததும் கள ஆய்வு. கையில் ஃபோனை ஏந்திக்கொண்டு வீடு முழுக்க அடிமேல் அடி வைத்து நடந்து, வைஃபை எங்கே எவ்வளவு வருகிறது என்று சுவரில் சாக்பீஸால் குறித்தார். நடுவில் யாரும் குறுக்கே வரக் கூடாது. குளிர்சாதனப் பெட்டிமேல் பலத்த சந்தேகம். சமையலறையில் இருந்த பெரிய பாத்திரத்தை இடம் மாற்றச் சொன்னார். கல்லூரியில் படிக்கிற மகளைக் கூப்பிட்டு, வாசற்படியில் கையை விரித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்.

"எதுக்குப்பா?"

"மனுஷ உடம்புல தண்ணி இருக்கும்மா. அது சிக்னலை உறிஞ்சும். நீ நின்னா எவ்வளவு குறையுதுன்னு பாக்கணும்."

"எனக்கு நாளைக்குப் பரீட்சை இருக்குப்பா."

"புத்தகத்தை எடுத்துட்டு வந்து நில்லு. புத்தகத்தால ஒண்ணும் வித்தியாசம் வராது."

அவள் நின்றுகொண்டே இரண்டு பாடம் படித்து முடித்தாள்.

இந்த இடத்தில் நானும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "உனக்கு என்ன தோணுது மச்சான்?" என்று அத்தான் அன்பாகக் கேட்டார். நான் யோசிக்காமல், "எல்லாம் ஒண்ணுதான் அத்தான், ஏதாவது ஒண்ணை வாங்கிப் போடுங்க" என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஏதாவது ஒண்ணா?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, எனக்காக வருத்தப்படுகிறவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் வகுப்புக்கு முந்தின நாள். அக்கா பக்கத்தில் போய் நின்றாள். "நாளைக்கு நாலு மணிக்கு கிளாஸ்ங்க. கதவைச் சாத்தியாகணும்."

"இன்னும் ரெண்டே ரெண்டு விமர்சனம் பாக்கி. படிச்சுட்டா தெளிவாயிடும்."

"நாளைக்குங்க."

"அவசரத்துல வாங்கினா காலம் பூரா வருத்தப்படணும்," என்றார் அத்தான், திரும்பிப் பார்க்காமல்.

மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பிய கையோடு அக்கா எனக்கு ஃபோன் பண்ணினாள். இரண்டு தெரு தள்ளித்தான் என் வீடு. இருவருமாகத் தெருமுனையில் இருக்கும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடைக்குப் போனோம். கடைக்காரம்மா எதையோ பிரித்துப் போட்டு ஊதிக்கொண்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"நடுவுல எத்தனை சுவர்?" என்று கேட்டார் கடைக்காரம்மா.

"ஒண்ணு."

"கம்ப்யூட்டர் ரொம்பப் பழசா?"

"அஞ்சு வருஷம்."

"இதை எடுத்துட்டுப் போங்க. சரியா வரலேன்னா நாளைக்கு வந்து மாத்திக்கோங்க." அவ்வளவுதான். திரும்ப ஊதப் போய்விட்டார்.

பதினான்கு கட்டம் போட்ட மனுஷர் எட்டு நாள் முழி பிதுங்கிக் கிடந்த விஷயம் இரண்டு கேள்வியில் முடிந்தது. வீட்டுக்கு வந்து, மேஜைக்கு அடியில் குனிந்து, டப்பாவின் முதுகில் சொருகினோம். கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம் யோசித்தது. அதுவும் அந்த வீட்டுக் கம்ப்யூட்டர்தானே! பிறகு கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்தோம், இணையம் வந்துவிட்டது. அக்கா நீலக் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி, வட்டமாகச் சுற்றி, உள் அறைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினாள். கதவைச் சாத்தினாள். திறந்தாள். திரும்பச் சாத்தினாள். சின்னப் பெண் மாதிரி சிரித்தாள்.

"அத்தான்கிட்ட சொல்லிடுவியா?" என்று கேட்டேன்.

"சொன்னா கழட்டிடுவார்டா. அட்டவணையில இருக்கான்னு பார்ப்பார், இதுக்கு எவ்வளவு மார்க்குன்னு பார்ப்பார், கடையில கொண்டுபோய்க் கொடுத்துட்டு வர்றேன்னு கிளம்பிடுவார்." கொஞ்சம் நிறுத்தி, "தவிர, இவ்வளவு சந்தோஷமா அவரைப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றாள்.

அவராகக் கண்டுபிடிக்க இரண்டு நாளாகும் என்று நான் நினைத்தேன். அக்கா ஒரு வாரம் என்றாள். மகள்தான் அப்பாவைச் சரியாக எடை போட்டிருந்தாள். "எதையாவது தேடும்போது அப்பாவுக்கு எதுவும் கண்ணுல படாது," என்றாள்.

அடுத்து வந்த ஐந்து வாரத்தை எப்படிச் சொல்வேன்! தினமும் சாயங்காலம் அத்தான் வேலையில் இருந்து வருவார். கூடத்தில், கேபிள் முன்பு கிடந்த இடம் வந்ததும் காலை உயரத் தூக்கி, அங்கே இல்லாத கேபிளைத் தாண்டுவார். உள் அறைக்குள் போவார். சட்டையைக் கழற்றி, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற கேபிள் சுருளின் மேலேயே மாட்டுவார். கம்ப்யூட்டரைத் திறந்து, அந்தக் கட்டைவிரல் சாமான் பிடித்துக் கொடுக்கிற இணையத்தில், எந்தக் கட்டைவிரல் சாமான் வாங்கலாம் என்று தேடுவார். நான் பொய் சொல்லவில்லை, வேண்டுமானால் அவர் மகளைக் கேளுங்கள். முப்பத்தேழு அடாப்டர்களை அவர் அதன் வழியாகத்தான் படித்தார்.

அதிலும் ஒரு நாள் இணையத்தின் வேகத்தை அளந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பார்த்தியா மச்சான், நம்ம கேபிளோட வேகத்தை! எந்த அடாப்டராவது இதுகிட்ட நிக்க முடியுமா? அதனாலதான் நான் இவ்வளவு யோசிக்கறேன்." அட்டவணையின் ஏழாவது வரிசையைத் தொட்டார். "இதையே எடுத்துக்கோ. ரெண்டு நட்சத்திரம்தான் போட்டிருக்கேன். ஒரு சுவரைக்கூடத் தாண்டாது."

அந்த ஏழாவது வரிசைதான் அவர் முழங்காலுக்கு அந்தப் பக்கம் மினுக் மினுக் என்று எரிந்துகொண்டிருந்தது. நான் இருமுவது போலச் செய்துகொண்டு வெளியே ஓடினேன். சமையலறையில் அக்காவும் மகளும் ஏற்கெனவே வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

ஆனால் ஐந்தாவது வாரம் வந்தபோது அக்காவின் சிரிப்பு குறைந்திருந்ததை நான் கவனித்தேன். அவளுக்குள் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. கேட்டால் ஒன்றுமில்லை என்றாள்.

ஆறாவது வாரக் கடைசி நாள். மேற்பார்வை அம்மாள் நாலு மணிக்கு வகுப்பைக் கவனிக்க வருகிறார். அக்காவுக்குத் துணையாக நானும் மகளும் வீட்டில் இருந்தோம். அக்கா காலையில் இருந்து ஒரே பாடத்தை மூன்று முறை மனசுக்குள் நடத்திப் பார்த்துவிட்டாள். மூன்றே முக்காலுக்கு வாசலில் அழைப்பு மணி. அத்தான்! அரை நாள் லீவு போட்டுவிட்டு, கையில் ஒரு பெட்டியோடு, மாப்பிள்ளை மாதிரி முகமெல்லாம் பூரித்து நின்றார்.

"முடிவு பண்ணிட்டேன்!" என்றார். பெட்டியைப் பிரித்தார். நாலு ஆன்டெனாவோடு, மல்லாக்கப் போட்ட நண்டு மாதிரி ஒன்று வெளியே வந்தது. "இன்னைக்கு உனக்கு முக்கியமான கிளாஸ்னு தெரியும். அதனாலதான் ஓடி வந்தேன். அஞ்சே நிமிஷம். கேபிளைக் கழட்டிட்டு இதைப் போட்டுடறேன்."

அக்கா வாயைத் திறப்பதற்குள் இல்லாத கேபிளை ஒரு தாண்டு தாண்டி உள் அறைக்குள் போய், டார்ச் விளக்கோடு மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் வாசற்படியில் நின்றோம். மேஜைக்கு அடியில் டார்ச் வெளிச்சம் இங்கும் அங்கும் அலைந்தது.

"கேபிள் எங்கே?"

"நீங்க தினமும் சட்டை மாட்டற இடத்துல," என்றாள் மகள்.

அத்தான் தலையை மட்டும் வெளியே நீட்டி, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "அப்ப இன்டர்நெட் எப்படி வருது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திரும்ப உள்ளே போனார். "இது ஏழாவது வரிசை!" என்று ஒரு குரல். அடுத்த குரல், ஐயோ, சந்தோஷமாகவே வந்தது. "இதை இப்ப கழட்டிட்டுப் புதுசைப் போட்டா ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துடலாமே! ஒரே நிமிஷம்..."

"அதுல கையை வைக்காதீங்க."

அக்கா கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அத்தானும் கேட்டிருக்க மாட்டார். கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மணி மூணு அம்பத்திரண்டு," என்றாள் அக்கா. "ஒன்பது வருஷம் கழிச்சு எனக்குக் கிடைச்ச வேலைங்க இது. உங்களுக்குத் தெரியாம இதை வாங்கினது தப்புதான், அதை நான் ஒத்துக்கறேன். ஆனா ஆறு வாரமா தினமும் அந்த நாற்காலியில உக்காந்து எழுந்தீங்களே, கதவைச் சாத்த முடியாதே, நீ எப்படி கிளாஸ் எடுக்கறேன்னு ஒரு நாள்... ஒரே ஒரு நாள் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். நீங்க கேப்பீங்கன்னு தினமும் பாத்துக்கிட்டிருந்தேன்."

அத்தான் டார்ச்சை அணைத்தார். நண்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கேபிள் கிடந்த இடத்தில் இந்த முறை காலைத் தூக்கவில்லை. உள்ளே கதவு சாத்திக்கொண்டது.

ஒரு மணி நேரம் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் ஏறுவதும் இறங்குவதும் கேட்டது. நடுவில் பிள்ளைகள் எல்லோரும் கூட்டமாகச் சிரித்தார்கள். "உங்க அம்மா இப்படித்தான் தினமும் நடத்துவாளா?" என்று மகளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "தினமும்," என்றாள் அவள். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் அதுவரை இருந்த கேலியெல்லாம் வடிந்து, பாவமாக இருந்தது.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. அத்தான் எழுந்து நின்றார்.

"கிளாஸ் எப்படிப் போச்சு?"

ஆறு வாரத்துக்கு அப்புறம் வந்த கேள்வி. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நல்லாப் போச்சுங்க. வேலை உறுதின்னு அப்பவே சொல்லிட்டாங்க."

"எனக்குத் தெரியும்," என்றார் அத்தான். அவர் கண்ணும் சரியாக இல்லை. "என்னை மன்னிச்சுடும்மா." இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ரகம் விடுமா? தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆறு வாரத்துல நடுவுல எத்தனை தடவை கட் ஆச்சு?"

"ஒரு தடவைகூட இல்லை."

அத்தான் உள்ளே போனார். அட்டவணையைத் திறந்தார். ஏழாவது வரிசையில் இருந்த இரண்டு நட்சத்திரத்தை அழித்துவிட்டு இரண்டரை போட்டார். "ஏம்ப்பா, அரைதானா?" என்று மகள் அலறினாள்.

"ஒரே ஒருத்தர்தானேம்மா விமர்சனம் சொல்லியிருக்காங்க," என்றார் அத்தான். அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நண்டு இன்னும் பெட்டியைவிட்டு இறங்கவில்லை. அதைவிட நல்லதாக ஒன்று அடுத்த மாதம் வரப்போகிறதாம், பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் ஐந்தரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, வகுப்பு எப்படிப் போச்சு என்பதுதான். அதற்கும் ஓர் அட்டவணை இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அக்காவிடம் சொல்லவில்லை.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு படித்தீர்கள், சந்தோஷம். உங்களை ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஏழாவது வரிசை எந்தக் கம்பெனி சாமான், பெயர் என்ன, இந்த ஆள் கடைசிவரை சொல்லவே இல்லையே என்று உங்களுக்கு நடுவில் கொஞ்சம் அரித்ததா? கண் ஒரு தடவை மேலே போய்த் தேடிவிட்டு வந்ததா?

அப்படியானால் இதைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருங்கள். உங்கள் வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கும், அதில் உங்கள் சட்டை தொங்கும். அதைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். பார்த்துச் சொல்றேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.